பின்மூடி ஒரு வருடம் சொல்கிறது, பாட்டி வேறொரு வருடம் சொல்கிறார்

இந்த சீக்கோ 5 எந்த வருடத்து வாட்ச், ஒரிஜினல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்ததில் எனக்குப் புரிந்தது வேறு. தாத்தா 1967 வைகாசியில் கல்யாணத்துக்காக சிங்கப்பூரிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியபோது கையில் கட்டியிருந்த வாட்ச் இதுதானா, அதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். இதேதான் என்கிறார் பாட்டி. பின்மூடியிலோ 6119-8083 என்று ஓர் எண்ணும், 0 என்று தொடங்கி டி என்ற ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் உள்ள இன்னோர் எண்ணும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து யாரோ 1970 டிசம்பர் என்று சொல்லிவிட, "பாட்டிக்கு மறதி" என்று உங்கள் மாமா சிரிக்கிறார். மாமா இன்னும் கொஞ்ச நாள் சிரிக்காமல் இருப்பது நல்லது, ஏன் என்று சொல்கிறேன்.

நான் திருச்சியில் 34 வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவன். தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேயா போய் வந்தவர்களின் வாட்ச்கள்தான் என் மேஜைக்கு அதிகம் வந்தவை, அதிலும் சீக்கோ 5 எத்தனை வந்தது என்று கணக்கே கிடையாது. ஆக, இந்த ஒரு ஜாதி வாட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். சுவிஸ் வாட்ச் பற்றிக் கேட்டிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அந்த எண்கள். கோடு போட்டுப் பிரித்த 6119-8083 என்பதில் முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கிற மிஷினின் பெயர், பின் நான்கு கேஸின், அதாவது வெளிக்கூட்டின், அமைப்பைக் குறிப்பது. இன்னொரு எண் வரிசை எண். அதில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணாகவே இருக்கும், அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற எழுத்துகள். (முதல் இடத்தில் வட்டமாக இருந்தால் அது பூஜ்யம், இரண்டாவது இடத்தில் வட்டமாக இருந்தால் அது அக்டோபர். இதில் குழம்பாத ஆளை நான் பார்த்ததில்லை.) இதுவரை சந்தேகமே இல்லாத விஷயம். ஆனால் கவனியுங்கள், வரிசை எண் பத்தாண்டைச் சொல்லவே சொல்லாது. 0 என்றால் 1970ஆ, 1980ஆ, 1990ஆ என்று அந்த எண்ணுக்கே தெரியாது. அதை மிஷினை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 6119 மிஷின் வந்தது 1960களின் கடைசியில், 1970களின் நடுவில் அதன் இடத்துக்கு 6309 வந்துவிட்டது. ஆகவே 6119 என்பதும் 0 என்பதும் இரண்டுமே சரியாகப் படிக்கப்பட்டிருந்தால் 1970 டிசம்பர் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. உங்களுக்குப் பதில் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை.

நான் தயங்குவது அந்த "சரியாகப் படிக்கப்பட்டிருந்தால்" என்ற இடத்தில்தான். பின்மூடி தேய்ந்து போயிருக்கிறது, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்துத்தான் படித்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் வியர்வையில் ஐம்பது வருடம் ஊறிய ஸ்டீல் மூடி அப்படித்தான் இருக்கும். இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. 6119க்கு முன்னால் சீக்கோ 5 வாட்ச்களில் ஓடிய மிஷின்களில் ஒன்றின் பெயர் 6619. இரண்டாவது இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். தேய்ந்த 6ல் இடது பக்கக் கோடு மட்டும் மிஞ்சினால் அது 1 போலத் தெரியும். அதே மாதிரி வரிசை எண்ணின் முதல் இடத்தில் இருக்கிற 6 மேலே தேய்ந்தால் 0 போலத் தெரியும், இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு எழுத்தையும் மாற்றிப் படித்துப் பாருங்கள். 6619 மிஷின், 6 டி, அதாவது 1966 டிசம்பர். கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்னால் ஜப்பானில் செய்து, சிங்கப்பூர்க் கடைக்கு வந்து, தாத்தா ஊருக்குக் கிளம்பும்போது வாங்கி... எனக்கு இதைச் சொல்லும்போதே கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது, அவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது. பொருத்தமாக இருக்கிறது என்பதாலேயே உண்மை ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் படித்ததில் தப்பு, மற்றது சரி என்றும் இருக்கலாம். உதாரணமாக மிஷின் 6119தான், முதல் இலக்கம் 6 என்றால் அது 1966 ஆக முடியாது, 1976 என்று ஆகிவிடும். அப்போது உங்கள் மாமா இன்னும் பலமாகச் சிரிப்பார்.

"1967ல் சீக்கோ 5 என்ற பெயரே கிடையாதே" என்றும் ஒருவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள், அது தவறு. ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5 என்ற பெயரில் 1963லேயே சீக்கோ அதைக் கொண்டுவந்துவிட்டது. அந்த 5 என்பது ஐந்து குணங்கள்: ஆட்டோமேட்டிக், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில், தண்ணீர் தாங்குவது, சாவி (பக்கவாட்டில் திருகுகிற குமிழ்) நான்கு மணிப் பக்கம் கொஞ்சம் உள்ளடங்கி இருப்பது, உறுதியான கேஸும் செயினும். ஆகவே 1967ல் ஒரு சபுராளி (கப்பலேறிப் போய்ச் சம்பாதித்து வந்தவர்) சீக்கோ 5 கட்டி வந்து இறங்கினார் என்பதில் வியப்பு எதுவும் இல்லை. இங்கே எச்.எம்.டி. அப்போதுதான் ஆறு வருடமாக வாட்ச் செய்துகொண்டிருந்தது (1961ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கியது), சாவி கொடுக்க வேண்டாத வாட்ச் என்றாலே தெருவே கூடி வேடிக்கை பார்த்திருக்கும்.

சரி, இதை எப்படித் தீர்ப்பது? மூடியைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். 6119 மணிக்கு 21,600 தடவை துடிக்கும், அதாவது வினாடிக்கு ஆறு. 6619 மணிக்கு 18,000, வினாடிக்கு ஐந்து. காதில் வைத்துக் கேட்டுச் சொல்ல அனுபவம் வேண்டும், ஆனால் இப்போது போனிலேயே வாட்ச் துடிப்பை அளக்கிற செயலிகள் இருக்கின்றன. சத்தமில்லாத அறையில் மைக் பக்கத்தில் வாட்ச்சை வைத்தால் 18,000ஆ 21,600ஆ என்று காட்டிவிடும். ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது முடியும். இந்த இரண்டு மிஷினுக்கும் கையால் சாவி கொடுக்க முடியாது, திருகித் திருகிப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் மெதுவாக ஓர் இருபது முப்பது தடவை ஆட்டினால் போதும். கை அசைவில் உள்ளே சுற்றுகிற எடைத் தகடான ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் சுருளை ஏற்றுகிற மாதிரி மேஜிக் லீவர் என்று ஒரு சின்ன ஏற்பாடு சீக்கோ 1959லிருந்தே வைத்திருக்கிறது, அதன் எளிமையை இன்றும் வியக்கிறேன்.

அடுத்தது மூடியைத் திறப்பது. இதை நீங்கள் செய்ய வேண்டாம். கத்திரிக்கோல் முனையை வைத்துத் திருகி வழுக்கி, மூடி முழுக்கக் கீறி, மிச்சமிருந்த எண்ணும் போனபிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. நல்ல ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, திறக்கச் சொல்லுங்கள். மிஷின் எண் மிஷின் மேலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் பின்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்தோடு. அது வியர்வை படாத இடம், தேயாது. 6119ஆ 6619ஆ என்பது அங்கே முடிந்துவிடும். அப்புறம் மூடியின் உள்பக்கத்தை ஐ கிளாஸ் (கண்ணில் மாட்டுகிற லென்ஸ்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் பழைய ஆட்களுக்கு ஒரு பழக்கம், சர்வீஸ் செய்த தேதியையோ ரசீது எண்ணையோ ஊசியால் மூடியின் உள்ளே சின்னதாகக் கீறி வைப்பார்கள், மறுபடி அதே வாட்ச் வந்து "போன மாதம்தானே பார்த்தீர்கள்" என்று வாடிக்கையாளர் சண்டை பிடித்தால் காட்டுவதற்காக. என் குருநாதர் வருடத்தை இரண்டு இலக்கமாகவும் அதன் அடியில் தன் பெயரின் முதல் எழுத்தையும் கீறுவார். உங்கள் வாட்ச்சில் 69 என்றோ 70 என்றோ ஒரு கீறல் இருந்துவிட்டால், அந்த மூடி அதற்கு முன்னால் செய்யப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒன்றும் இல்லை என்றால் அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது.

"அந்த மூடி" என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். வருடத்தைச் சொல்கிற எண் மூடியில் மட்டும்தான் இருக்கிறது, மிஷினில் இல்லை, டயலில் இல்லை. மூடி மாறினால் வருடமும் மாறிவிடும். மூடி எப்படி மாறும் என்று கேட்பீர்கள். நானே மாற்றியிருக்கிறேன். வேலை கற்றுக்கொண்ட புதிதில் ஒரு நாள் மூன்று சீக்கோ 5 வாட்ச்களை ஒன்றாகத் திறந்து, மூடிகளை ஒரே பெட்ரோல் கிண்ணத்தில் போட்டுக் கழுவி, கையில் கிடைத்ததை எடுத்துப் பூட்டிவிட்டேன். மரை பொருந்தியது, கண்ணாடித் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் ரசீதுப் புத்தகத்தில் எழுதியிருந்த எண் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது, அதற்குள் இரண்டு வாட்ச் போய்விட்டது. குருநாதர் அடிக்கவில்லை, ஆனால் அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. இப்படி இந்த நாட்டில் எத்தனை மேஜையில் நடந்திருக்கும். அதனால் மூடியில் 6119 என்று இருந்து உள்ளே மிஷின் 6619 என்று இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படியானால் மூடி வேறு வாட்ச்சுடையது, எண்ணை மறந்துவிட்டு மிஷினையும் கேஸையும் நம்புங்கள்.

மூடியிலும் டயலிலும் தண்ணீர் பற்றி எழுதியிருப்பதையும் பாருங்கள். 1960களில் சீக்கோ வாட்டர் ப்ரூஃப் என்று போட்டது, 1970 வாக்கில் அதை வாட்டர் ரெசிஸ்ட் என்று மாற்றிக்கொண்டது. மாறுகிற காலத்தில் செய்த வாட்ச்களில் டயலில் ஒன்றும் மூடியில் இன்னொன்றும் இருப்பது உண்டு, அதைப் பார்த்துப் போலி என்று பயப்படத் தேவையில்லை. உங்கள் மூடியில் "வாட்டர்" வரைதான் படிக்க முடிகிறது என்கிறீர்கள். அதன் அடுத்த சொல்லின் நீளத்தையாவது பார்த்துச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் ஒன்று ஐந்து எழுத்து, மற்றது ஆறு.

இனி டயல். இங்கேதான் உங்களுக்குக் கசப்பான செய்தி. பளீரென்ற நீலம், ஒரு புள்ளி கறை கூட இல்லை, முள்ளில் பூசியது இருட்டில் பச்சையாக ஜொலிக்கிறது, ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருடம் முன்னால் மாமா "நன்றாகப் பண்ணிக்கொடுங்கள்" என்று ஒரு கடையில் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், படம் பார்க்காமலே நூற்றுக்குத் தொண்ணூறு சொல்வேன். இந்தக் காலத்து சீக்கோ டயலின் அடி விளிம்பில் ஜப்பான் என்ற சொல்லும் மிஷின் எண்ணோடு ஒரு டயல் எண்ணும் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடியாக இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் மிஷினோடு ஒத்துப்போக வேண்டும், பின் நான்கு மூடியிலிருந்து ஓரிரு இலக்கம் மாறி இருந்தால் பரவாயில்லை. மறுபூச்சு அடிப்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்தப் பொடி எழுத்தைத்தான். ஐம்பது வருடத்துப் பூச்சு இருட்டில் அப்படி ஜொலிக்கவும் செய்யாது. இன்னும் உறுதி வேண்டுமானால் ஐ கிளாஸில் சீக்கோ என்ற எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். தொழிற்சாலை எழுத்து கத்தியால் வெட்டியது போல இருக்கும், மறுபூச்சு எழுத்து மை ஊறிய தாள் மாதிரி கொஞ்சம் பரவியிருக்கும். நிமிடக் கோடுகள் ஒட்டவைத்த மணிக் குறிகளுக்கு நேராக வராமல் இடது வலது விலகியிருக்கும்.

இது வாட்ச் போலி என்று சொல்வதல்ல. இணையத்தில் விற்கிற "பழைய சீக்கோ 5" வாட்ச்களில் ஆரஞ்சும் ஊதாவும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கிறவை பெரும்பாலும் இப்படித்தான், நாலு வாட்ச்சின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக்கி, பெயின்ட் அடித்து, கேஸை மெருகு போட்டு முனைகளெல்லாம் சோப்பு மாதிரி உருண்டையாக்கி விற்பது. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் அதற்கு மும்பை ஸ்பெஷல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அந்த வகை இல்லை, வீட்டை விட்டுப் போகாத வாட்ச், ஒரே ஒரு தடவை அதிகப்படியான அன்பில் மாட்டிக்கொண்டது. ஆனால் இழப்பு ஒன்றுதான், பழைய டயலில் ஸ்போர்ட்ஸ்மேட்டிக் என்று எழுதியிருந்ததா இல்லையா என்பதைப் பார்த்தே பாதிக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கலாம், 6619 மிஷின் வாட்ச்களில் பெரும்பாலும் அந்தச் சொல் இருக்கும். டயலைக் கழற்றினால் அதன் பின்பக்கத்தில் ஏதாவது அச்சு மிஞ்சியிருக்கலாம், ஆனால் அதற்காக மட்டும் கழற்றச் சொல்ல மாட்டேன், சர்வீஸ் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு அரபு எழுத்தும் வருகிறது, சிங்கப்பூர் வாட்ச்சில் அது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம் அரபு என்ற ஜோடி வளைகுடா நாடுகளில் விற்ற வாட்ச்களில் வழக்கமாகக் காண்பது. இங்கே கிழமைச் சக்கரத்தின் பல் உடைந்தால், 1970களின் கடைசியிலிருந்து துபாய், சவுதி போய் வந்தவர்களின் பழுதான வாட்ச்தான் எங்களுக்கு உதிரி பாகக் கிடங்கு, அதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவோம். ஆகவே அந்த அரபு எழுத்தை வைத்து தாத்தா வேறெங்கோ வாங்கினார் என்று கதை கட்ட வேண்டாம், சிங்கப்பூரில்தான் வாங்கினார் என்பதையும் அது மறுக்காது. செயின், கண்ணாடி, சாவி மூன்றையும் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அவை செருப்பு மாதிரி, தேயத் தேய மாற்றுகிற சாமான்.

விலை பற்றி ஒரு வரி. 6119 ஆனாலும் 6619 ஆனாலும் அந்தக் காலத்தில் ஏராளமாகச் செய்து உலகம் முழுக்க விற்ற சாதாரண வாட்ச்கள், டயல் வேறு மறுபூச்சு, அதனால் விற்கப் போனால் ஒரு நல்ல சர்வீஸ் செலவைத் தாண்டி அதிகம் தேறாது. நீங்கள் விற்கக் கேட்கவில்லை என்று தெரியும்.

இப்போதைக்கு வாட்ச்சைத் தினமும் கட்டாதீர்கள். எண்ணெய் காய்ந்த மிஷின் ஓடினால் உள்ளே ஒன்றை ஒன்று தின்னும், ஓடுகிறது என்பதாலேயே நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ராத்திரி ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியை அவசரமாக மாற்ற முயல வேண்டாம், அந்த நேரத்தில்தான் சக்கரம் தானாக மாறிக்கொண்டிருக்கும், பல் உடையும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "மெருகு போடாதீர்கள், டயலைத் தொடாதீர்கள், கழற்றின பாகம் எதுவானாலும் பொட்டலத்தில் திருப்பிக் கொடுங்கள்" என்று மூன்றையும் சொல்லிக் கொடுங்கள், ரசீதில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

இன்னொன்று. பாட்டியிடம் கல்யாண போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தக் காலத்து ஸ்டுடியோ போட்டோவில் மாப்பிள்ளையின் இடது கை வாட்ச் தெரிகிற மாதிரித்தான் உட்கார வைப்பார்கள். போனில் எடுத்துப் பெரிதாக்காதீர்கள், அசல் போட்டோவை வெயிலில் வைத்து லென்ஸ் கொண்டு பாருங்கள். டயலைப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். சாவி மூன்று மணிக்கு நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது நான்கு மணிப் பக்கம் இறங்கி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றில் இருந்தால் அது வேறு வாட்ச், இது பின்னால் வந்தது. நான்கில் இருந்தால் துடிப்பை அளந்த கணக்கோடு எனக்கு எழுதுங்கள், பின்மூடியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும் சேர்த்து.